என் கையால் எழுதிய அக்கி

முதலில் வருவது கொப்புளம் இல்லை. இடது தொடையின் உள்பக்கத்தில் ஒரு சுருக். லுங்கிக்குள் எறும்பு புகுந்துவிட்டது போலத் தட்டிவிடத் தோன்றும். தட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. பிறகு இடுப்புக்குக் கீழே ஒரு குடைச்சல். அதற்கு அடுத்த நாள்தான் மறைவான இடத்தில் நீர் கோத்த சிறு கொப்புளங்கள், கொத்தாக நாலைந்து. அவை உடைந்து புண்ணாகி, ஒன்றுக்குப் போனால் மிளகாய் பட்ட மாதிரி எரிந்து, பத்து நாளில் வடு கூட இல்லாமல் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அப்படி ஒன்று வந்ததாகவே தெரியாது. இந்த வியாதியிடம் நான் ஏமாந்தது அதில்தான்.

இப்போது எனக்கு அதன் நடை தெரியும். சுருக் வந்த அன்றே மாத்திரை போட்டுவிடுகிறேன். மாத்திரை பையில் எப்போதும் இருக்கும். பருத்தி உள்ளாடை, தளர்வாக. வேர்வையோடு உட்காருவதில்லை, ஈரம் துடைக்காமல் துணி உடுத்துவதில்லை. புண் இருக்கும் நாட்களில் என் துண்டை வேறு யாரும் தொடாதபடி தனியாகக் காயப்போடுவேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். கண்ணைத் தேய்க்க மாட்டேன். தூக்கம் கெட்டால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், மனசு கெட்டாலும் வரும். தூக்கத்தை ஒழுங்கு செய்துகொண்டேன். மனசுக்கு வழி தெரியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆர்.கே.பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் தறி, லுங்கி ஓட்டுவோம். ஒரே சத்தம், ஒரே சுவர். எனக்கு அதில் ஒட்டவில்லை. பதினேழு வயதில் கிளம்பினேன். நகரியில் ஒரு தறிக்கொட்டகை, புத்தூரில் ஓட்டல், பிறகு ஒருவன் பின்னால் மகாராஷ்டிரத்துக்குப் போய் இச்சல்கரஞ்சியில் தறி. ஊர் பிடிக்காமல் போனால் அடுத்த ரயில். கையில் தொழில் இருந்ததால் எங்கும் பட்டினி கிடக்கவில்லை. பட்டினி கிடந்த இரண்டு மூன்று சமயமும் என் சோம்பலால் வந்தது.

இச்சல்கரஞ்சியில் ஒரு பெண்ணுடன் பழக்கம் இருந்தது. அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. அவளுக்கு முன்னாலும் எனக்குப் பழக்கங்கள் உண்டு. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தேடுவதையும் விட்டுவிட்டேன். முதல் முறை வந்தபோது நல்ல காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டி நடக்க முடியவில்லை. கூடத் தங்கியிருந்த பள்ளிப்பட்டுக்காரன் ஒருவனிடம் காட்டினேன். அவன் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான்.

"எங்கடா போய் மேஞ்சுட்டு வந்த?"

"டேய், எரியுதுடா. வெளையாடாத."

"அக்கிடா இது. நீர்க்கொப்புளம் கொத்தா வந்துகீது பாரு. எங்க மாமனுக்கு விலாவுல வந்துது. ஊருக்குப் போயி எழுதிக்கோ. இந்த ஊரு டாக்டரு ஊசி போட்டா உள்ள இறங்கிடும்."

எங்கள் பக்கத்தில் கொப்புளம் கொத்தாக வந்தால் அக்கி. அக்கி வந்தால் டாக்டரிடம் போக மாட்டார்கள், குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் செங்காவியைத் தண்ணீரில் குழைத்து, கோழி இறகால் அந்த இடத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்கள். மூன்று நாள் காலையில் எழுத வேண்டும். உப்பு, புளி ஆகாது. குளிக்கக் கூடாது. அக்கி சிங்கத்தைப் பார்த்துப் பயந்து வற்றிவிடும் என்று சொல்வார்கள். விலாவிலும் தோளிலும் எழுதிக்கொண்டு சட்டை போடாமல் திரிகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

காய்ச்சலோடு ரயில் ஏறி வந்தேன். கனகம்மாசத்திரம் போகிற வழியில் ஒரு குயவர் வீடு. அந்த வீட்டு அக்காதான் எழுதுகிறவர். சக்கரத்தில் மண் வனைந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எந்த எடத்துல நைனா வந்துகீது?"

"இடுப்புலக்கா."

"காட்டு."

"கொஞ்சம்... கீழக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. "திரும்பி நில்லு. இடுப்புலயே எழுதறேன். அதுவே கீழ இறங்கிப் போயி வேலை செய்யும்" என்றார். பெல்ட்டுக்கு மேலே முதுகில் ஈரமாக இறகு ஓடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் எழுதி, ஐந்தாறு நாள் உப்பில்லாமல் தின்றேன். புண் காய்ந்தது. எழுதாவிட்டாலும் காய்ந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம்தான் கல்யாணப் பேச்சு வந்தது. நகரியில் தூரத்து அத்தை முறையாகிற ஒருவரின் மகள். சின்ன வயதில் ஒன்றிரண்டு விசேஷங்களில் பார்த்தது. பாதி தமிழ், பாதி தெலுங்கு பேசுவாள், என்னை பாவா என்பாள். அவள் அப்பாவுக்கு இஷ்டம் இல்லை. எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "ஊர் ஊரா சுத்தறவன். எந்த ஊர்ல இன்னா வாங்கினு வந்தானோ. இவனுக்கா பொண்ணு?" அவர் சொன்னது கடனை, குடியை. அவள்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "சுத்தறவருதான் நைனா ஊரைக் காட்டுவாரு. நீ என்னை எங்க கூட்டிக்கினு போன? இந்தப் பக்கம் ஏகாம்பரகுப்பம், அந்தப் பக்கம் திருத்தணி." வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு சிரிப்பாகத் தாம்பூலம் மாறிவிட்டது. திருத்தணி மலையில் கல்யாணம்.

நான் அவளுக்கு ஊரைக் காட்டவில்லை. ஆர்.கே.பேட்டையில் தறியோடு உட்கார்ந்தேன். ஆச்சரியம், எனக்குக் கால் அரிக்கவில்லை. தறி நிற்கிற நேரத்தில் அவள் நூலைத் தாரில் சுற்றும் இடத்திலிருந்து எதையாவது கத்திச் சொல்வாள், தறி ஓடும்போதும் நிறுத்தாமல் கத்துவாள், எனக்கு ஒன்றும் கேட்காது, தலையை ஆட்டுவேன். "நான் இன்னா சொன்னேன், சொல்லு பாக்கலாம்" என்று வந்து நிற்பாள். அப்படி ஒரு ஊரில் இருந்துவிட முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

கல்யாணமாகி நாலாவது மாதம் மறுபடி வந்தது. அக்கி என்று அவளிடம் சொன்னேன். அப்போது எனக்கும் அது அக்கிதான். அவளே கூட வந்தாள். குயவர் வீட்டு அக்கா எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தாள், "சிங்கத்துக்கு மீசை வைங்கக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து உப்பில்லாமல் சமைத்தாள். எனக்குத் தனியாக, தனக்குத் தனியாகச் சமைக்கவில்லை. அவளும் அதையே தின்றாள்.

"உனக்கு ஏன்? நீ போட்டுக்கோ."

"நான் உப்பு போட்டு ருசியா துன்னா நீ என் தட்டையே பாத்துகினு இருப்ப. வேணாம் பாவா."

உப்பில்லாத சாம்பாரை முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்து, "சூப்பரா கீது" என்பாள்.

மூன்றாம் முறை, நாலாம் முறை. வரும், எழுதுவேன், போகும். ஐந்தாம் முறை வந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் அக்கி ஐந்து முறை வந்து நான் கேள்விப்பட்டதில்லை. தறிக்கு உதிரி வாங்கத் திருவள்ளூர் போனவன், அங்கே ஒரு தோல் டாக்டர் போர்டைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னைப் படுக்க வைத்துப் பார்த்தார். இடுப்பில் இருந்த காவியைப் பார்த்து, "எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. பிறகு உட்கார வைத்து மெதுவாகச் சொன்னார். இது அக்கி இல்லை. அக்கிக்கு உறவுதான், ஆனால் வேறு. பேர் ஹெர்பிஸ். உடலுறவில் ஒட்டுவது. ஒருமுறை வந்தால் இடுப்பு நரம்பின் அடியில் போய்த் தூங்கும், நினைத்தபோது எழுந்து வரும். அடியோடு போக மருந்து கிடையாது, அடக்கி வைக்க இருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகாது. நிறையப் பேருக்கு இருக்கிறது, பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது.

"எத்தனை தடவை எழுதினேன் சார், ஒவ்வொரு தடவையும் போச்சே."

"எழுதலைன்னாலும் போயிருக்கும்ப்பா. அது அப்படித்தான் வந்து வந்து போகும்."

ரத்தம் எடுத்து மற்ற வியாதிகள் எதுவும் இல்லை என்று பார்த்தார். அசைக்ளோவிர் என்று சீட்டு எழுதினார். அடிக்கடி வந்தால் தினமும் போடலாம், இல்லையென்றால் சுருக்கென்று ஆரம்பிக்கும்போதே போட்டு ஐந்து நாள் விடாமல் போடு என்றார். சுருக் வந்த நாளிலிருந்து புண் முழுசாகக் காய்கிற வரை மனைவியோடு சேராதே. மற்ற நாட்களில் ஆணுறை. புண் இல்லாத நாளிலும் கொஞ்சம் ஒட்ட வழி இருக்கிறது, அதனால்தான். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், தறிச் சத்தத்தில் ஆட்டுகிற மாதிரி.

"வீட்டுல சொல்லிடு. பயமா இருந்தா கூட்டிக்கிட்டு வா. நானே சொல்றேன். இதுல யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிப் புரிய வைக்கறேன். சரியா?"

"ஆங், சரிங்க சார்."

கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒருவர் எனக்காகச் சொல்கிறேன் என்றார், அதற்குக் கூட நான் அவளைப் பேருந்தில் ஏற்றவில்லை.

திரும்பி வரும் வழியில் மணவூரில் ரயில் நின்று கிடந்தபோது மனதுக்குள் பேசிப் பார்த்தேன். எப்படிப் பேசினாலும் முடிவில் அவள் அப்பாவின் வாய்தான் தெரிந்தது. எந்த ஊர்ல இன்னா வாங்கினு வந்தானோ. அவர் யோசிக்காமல் சொன்னது அப்படியே நிஜம் என்று நான் போய் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள். எனக்கு அவ்வளவுதான் கணக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் டாக்டர் வழி, குயவர் வழி இரண்டிலும் போனேன். மாத்திரை அட்டையைத் தறிக்கொட்டகையில் நூல் ஓட்டும் பழைய நாடாக்களைப் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டியில் ஒளித்து வைத்தேன். அதை அவள் திறக்க மாட்டாள். சுருக் வந்தால் அங்கே போய் மாத்திரை போட்டுக்கொள்வேன். அவளிடம் அக்கி என்பேன். அவளோடு குயவர் வீட்டுக்குப் போய் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். மாத்திரையால் இப்போது நாலே நாளில் காய்ந்தது. "இந்தத் தடவை அக்கா நல்லா எழுதிச்சு" என்று அவள் சந்தோஷப்பட்டாள். உப்பில்லாமல் என்னோடு தின்றாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நானும் தின்றேன்.

விலகி இருக்க வேண்டிய நாட்களில் அக்கி பத்தியம் என்று விலகினேன். அது சுலபமாக இருந்தது. மற்ற நாட்களில் ஆணுறைக்கு என்ன காரணம் சொல்வது? அவள் பிள்ளைக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலையேறி, இறங்கி வரும்போது படிக்குப் படி எதையோ முணுமுணுப்பாள். புண் இல்லாத நாள் நல்ல நாள் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். டாக்டர் சொன்னதில் எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பதினோரு மாதம் அப்படிப் போனது.

ஆடி மாதம். காவடிக் கூட்டத்துக்காக ஊரெல்லாம் மஞ்சள் துணி. அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் நடக்க முடியவில்லை. குளியலறையிலிருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பாவா, உன் அக்கி எனக்கும் வந்துடுச்சு."

அவள் முகத்தில் கோபம் இல்லை. வெட்கப்பட்டாள். ஒரே வீட்டில் இருந்தால் ஜலதோஷம் வருவது மாதிரி அவளுக்கு அது.

"எங்க வந்துகீது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"எங்கன்னு சொல்ல? அக்காகிட்ட போயி நான் எப்படிக் காட்டுவேன். நீ போயி காவி வாங்கினு வா. நீயே எழுது."

"எனக்கு எழுத வராது."

"அத்தினி தடவை எழுதிக்கின, பாத்ததில்லயா? வரும். வாங்கினு வா பாவா, எரியுது."

போனேன். அக்கா கொட்டாங்குச்சியில் காவியும், இரண்டு இறகும் கொடுத்தார். யாருக்கு என்று கேட்டார். வீட்டில், வந்து காட்ட முடியாத இடம் என்றேன். "பொம்பளைக்கு அங்கன்னா ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கினு போ நைனா" என்றார். எழுதுகிறவரே அப்படிச் சொன்னார். நான் காவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் முதுகில் விழுந்தது. குப்புறப் படுத்திருந்தாள். காவியைக் குழைத்து இறகைத் தொட்டு அவள் இடுப்புக்கு மேல் வைத்தேன். தோல் காய்ச்சலில் கொதித்தது. தலை, பிடரி, நாலு கால், வால். கோடு கோணிக்கொண்டே போனது. ஈரம் பட்டதும் உடம்பைச் சிலிர்த்தாள்.

"போன்ல போட்டோ எடுத்துக் காட்டு."

எடுத்துக் காட்டினேன். காய்ச்சலிலும் சிரித்துவிட்டாள்.

"சிங்கமா இது? எதுர் வூட்டு நாயி மாதிரி கீது. அக்கி இத்தப் பாத்து எங்க பயப்படும், கூப்பிட்டு வெச்சு சோறு போடும்."

அவள் சிரித்து முடிக்கிற வரை நானும் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். கையில் இறகு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்திருந்தால் போதும். "மீசை வை" என்றாள். வைத்தேன்.

மூன்று நாள் எழுதினேன். முதல் முறை வருகிறவர்களுக்குத்தான் ரொம்பக் கடுமையாக வரும், எனக்கும் இச்சல்கரஞ்சியில் அப்படித்தான் வந்தது. உப்பில்லாத கஞ்சியைக் கூட அவளால் குடிக்க முடியவில்லை. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிக்க மறுத்தாள். மூன்றாம் நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வாயில் துணியை வைத்து அழுதாள். துணியை மீறி வந்த சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கொட்டகைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இதப் போடு. மூணு வேளை."

"இன்னாது?"

"மாத்திரை. இதுக்குத்தான். எரிச்சலும் காய்ச்சலும் கொறையும். முதல்ல இதப் போடு."

தண்ணீரோடு வாங்கினாள். போட்டுக்கொள்ளப் போனவள், அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதோடு மடித்து வைத்திருந்த சீட்டும் கைக்குப் போய்விட்டது. அவள் பத்தாவது முடித்தவள். என் பேர், வயது, தேதி எல்லாவற்றையும் படித்தாள்.

"இதுல நாலு காலியா கீதே. யார் போட்டது? போன வருசத்துத் தேதி போட்டுகீது."

"ஆங்."

"அப்போ போன வருசத்துலேர்ந்து உனக்குத் தெரியும்."

"ஆங்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. நரம்பில் தூங்குவது, எழுந்து வருவது, உயிருக்கு ஒன்றும் இல்லை, பிள்ளை பெறத் தடை இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்த அந்தப் பேச்சு எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. கால் மணி நேரம் கூட ஆகவில்லை.

அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தண்ணீரை முழுசாகக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஊர் சுத்தறப்போ வந்துது, தெரியாம வந்துது, அத நான் கேக்கல. நீ காவியும் பூசிக்கின, மாத்திரையும் போட்டுகின. எனக்கு மூணு நாளா வெறும் காவி பூசின."

திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுகவாழ்வு மையம் என்று எழுதியிருந்த பால்வினை நோய் அறையில் ஒரு அம்மா அவளைத் தனியாக உட்கார வைத்து வெகுநேரம் பேசினார். ரத்தப் பரிசோதனையில் வேறு எதுவும் இல்லை. வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. பேருந்து நிலையத்தில் ஆர்.கே.பேட்டை வண்டி நின்றுகொண்டிருந்தது. அவள் அதைத் தாண்டிப் போய் நகரி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன்.

"உடம்பு தேறினதும் வந்து கூட்டிக்கினு போறேன்."

"உப்பில்லாம துன்னது ஞாபகம் வந்துகினே கீது பாவா" என்றாள். "அது மட்டும் போவ மாட்டேங்குது." வண்டி கிளம்பியது.

அவள் அப்பாவிடம் அவள் என்ன காரணம் சொன்னாள் என்று தெரியாது. வியாதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்னைத் தேடி வந்திருப்பார். ஒத்துப்போகவில்லை என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை. என் மானத்தை அவள் காப்பாற்றினாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தறியை அண்ணன் எடுத்துக்கொண்டார். எனக்கு மறுபடி கால் அரித்தது, ஆனால் தூரம் போக முடியவில்லை. திருத்தணியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி வேலைக்குச் சேர்ந்தேன். நகரி வண்டி வந்து போகிற ஊர் என்பது ஒரு காரணம். அந்த முதல் வருஷம் எனக்கு மாதம் தவறாமல் வந்தது. ஆஸ்பத்திரியில் தினசரி மாத்திரைக்கு மாற்றினார்கள், காலை ஒன்று, இரவு ஒன்று. முகூர்த்த நாட்களில் தூக்கம் கெடும் என்பதால் மற்ற நாட்களில் சேர்த்துத் தூங்கினேன். பீடியை விட்டேன். சாராயம் எப்போதாவது, பிறகு அதுவும் இல்லை. வருவது குறைந்ததும் தினசரி மாத்திரையை நிறுத்தி, சுருக் வந்தால் மட்டும் போடச் சொன்னார்கள். இப்போது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. உடம்பை இவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்ள எனக்கு வரும் என்று தெரிந்தபோது, வைத்துக்கொள்ள வேண்டியதற்கான ஆள் இல்லை.

பிரிந்து ஏழெட்டு மாதம் கழித்து ஒரு முறை போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"காலையிலேர்ந்து தொடைல சுருக்கு சுருக்குங்குது. கொப்புளம் இன்னும் வரல. இப்பவே போடணுமா, வந்தப்புறமா?"

"இப்பவே போடு. அஞ்சு நாளும் விடாம போடு. தண்ணி நல்லா குடி."

"சரி."

வைத்துவிட்டாள். அந்த எண்ணை நான் மறுபடி அழைக்கவில்லை. கேட்காமல் கூப்பிடும் உரிமை எனக்கில்லை. அவளுக்கு மறு கல்யாணம் ஆனதை நகரியிலிருந்து வந்த ஒரு கல்யாணக்காரர் மூலம் பந்தியில் வைத்துக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை பார்ப்பவராம், பெண்டாட்டியை இழந்தவராம். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். யார் இலையிலும் சிந்தவில்லை.

போன வைகாசியில், முதல் பந்திக்கு இலை போட்டு, நான் உப்புத் தட்டோடு நிற்கும்போது அவள் எண் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டே கை கழுவும் இடத்துக்குப் போனேன்.

"எனக்கு எட்டு மாசம்" என்றாள். "ஆசுபத்திரில எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒம்போதாம் மாசத்துலேர்ந்து பொறக்கற வரைக்கும் தினமும் மாத்திரை போடச் சொல்லிகீறாங்க. நீதான் வருசக்கணக்கா போட்டுகினு கீற. ஒண்ணும் பண்ணாதுல்ல? எனக்கு வேற யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

"டாக்டர் சொன்னா போடு. எனக்கு ஒண்ணும் பண்ணல. வலி எடுத்துப் போறப்போ சுருக்குன்னு இருந்தாலோ புண்ணு இருந்தாலோ போன உடனே சொல்லிடு, எப்படிப் பொறக்கணும்னு அவங்க பாத்துப்பாங்க. மறைக்காத."

"நான் எதுக்கு மறைக்கப் போறேன்."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தனியா கூப்புட்டு சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"எழுந்து போயிடுவாருன்னுதான் நெனைச்சேன். அப்புறம், மாத்திரை நகரியில கெடைக்குதா, திருத்தணிக்குப் போவணுமான்னு கேட்டாரு."

நான் தட்டை மாற்றிப் பிடித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உடம்பப் பாத்துக்கோ" என்றாள். பாவா என்று சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி.

உள்ளேயிருந்து சத்தம் போட்டார்கள். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், உப்பு வைக்காமல் அடுத்ததை எப்படி வைப்பது என்று. போய் வைத்தேன். ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு சிட்டிகை, கடைசி இலை வரைக்கும்.